பரிசுப்பணத்தில் ஆண்–பெண் இடைவெளி: எல்லாவற்றுக்கும் 'டிக்கெட் விற்கவில்லை' என்பதுதான் பதிலா?

#1 மூன்றாம்செட்

2025 நவம்பரில் இந்தியப் பெண்கள் கிரிக்கெட் அணி உலகக் கோப்பையை வென்றபோது, பரிசுத்தொகை பற்றிய செய்திகளுக்குக் கீழே வந்த பின்னூட்டங்களைப் படித்துவிட்டுத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன். அந்தக் கோப்பைக்கு ஐசிசி வைத்த மொத்தப் பரிசு 1.388 கோடி டாலர். வென்ற அணிக்கு 44.8 லட்சம் டாலர். 2023 ஆண்கள் ஒருநாள் உலகக் கோப்பைக்கு மொத்தமே 1 கோடி டாலர்தான், வென்ற ஆஸ்திரேலியாவுக்கு 40 லட்சம். உடனே ஒரு கூட்டம் "பெண்கள் ஆட்டத்தை யார் பார்க்கிறார்கள், இதற்கு இவ்வளவா?" என்று கிளம்பிவிட்டது. இன்னொரு கூட்டம் "சமத்துவம் வந்தாச்சு" என்று கைதட்டிவிட்டு நகர்ந்துவிட்டது.

இந்த விவாதம் எங்கே நடந்தாலும் நாலு தனித்தனிப் பைகளை ஒன்றாகக் கொட்டிக் குழப்புகிறோம். போட்டி நடத்துபவர் தரும் பரிசுத்தொகை ஒன்று. நாட்டுக்காக ஆடும்போது வாரியமோ சம்மேளனமோ தரும் ஊதியம் இன்னொன்று. லீக், கிளப் சம்பளம் மூன்றாவது. விளம்பரம், ஸ்பான்சர் நாலாவது. ஒவ்வொன்றையும் தருபவர் வேறு, கணக்கு வேறு, நியாயமும் வேறு. தனியார் கம்பெனி ஒரு வீராங்கனைக்கு விளம்பரம் தரவில்லை என்று நாம் சண்டைக்குப் போக முடியாது. ஆனால் ஒரே சின்னத்தைச் சட்டையில் குத்திக்கொண்டு நாட்டுக்காக ஆடும் இரண்டு பேருக்கு இரண்டு விலை என்றால் கேட்கலாம்.

எந்தப் பையைப் பற்றிப் பேசுகிறோம் என்று சொல்லிவிட்டுப் பேசினால் நன்றாக இருக்கும்.

#2 கணக்குப்பிள்ளை

மூன்றாவது பையிலிருந்து தொடங்குகிறேன். உணர்ச்சியை ஓரமாக வைத்துவிட்டு எண்ணை மட்டும் பார்ப்போம்.

2023-27 காலத்துக்கு ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய். ஒரு ஆட்டத்துக்கு 118 கோடி சுமார். அதே 2023இல் பெண்கள் லீக்கான டபிள்யூபிஎல் ஐந்து ஆண்டுக்கு 951 கோடிக்குப் போனது, ஆட்டத்துக்கு 7.09 கோடி. கிட்டத்தட்ட 17 மடங்கு வித்தியாசம். இப்போது சம்பளத்தைப் பாருங்கள். ஐபிஎல் ஏலத்தில் இதுவரை அதிகம் போனவர் ரிஷப் பந்த், 27 கோடி. டபிள்யூபிஎல் முதல் ஏலத்தில் ஸ்மிருதி மந்தானா 3.4 கோடி. எட்டு மடங்குதான். வருமானத்தில் 17 மடங்கு இடைவெளி, சம்பளத்தில் எட்டு. அப்படியானால் யாருக்கு யார் மானியம் தருகிறார்கள்?

கால்பந்திலும் இதே கதைதான். 2022 கத்தார் உலகக் கோப்பைக்கு ஃபிஃபா வைத்த பரிசு 44 கோடி டாலர், 2023 பெண்கள் கோப்பைக்கு 11 கோடி. நாலில் ஒரு பங்கு. ஆனால் இரண்டு கோப்பையும் ஈட்டும் பணத்தில் பெண்கள் கோப்பை நாலில் ஒரு பங்கைத் தொடவே இல்லை. சந்தை தருவதைவிடக் கூடுதலாகத்தான் கிடைக்கிறது. இதைப் பாகுபாடு என்று சொல்வது கணக்குக்கு ஒத்துவராது.

#3 டைபிரேக்கர்

கணக்குப்பிள்ளை சார் எண்ணோடு வந்திருக்கிறார், மகிழ்ச்சி. நான் டென்னிஸ்காரன், முதல் பையைப் பற்றிச் சொல்கிறேன்.

1970இல் லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்த பசிபிக் சவுத்வெஸ்ட் போட்டியில் ஆண்களுக்கான முதல் பரிசு 12,500 டாலர், பெண்களுக்கு 1,500. கேட்டுப் பார்த்தார்கள், நடக்கவில்லை. பில்லி ஜீன் கிங் உட்பட ஒன்பது வீராங்கனைகள் ஆளுக்கு 1 டாலர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, ஹூஸ்டனில் தனியாகப் போட்டி நடத்தினார்கள். பெண்கள் டென்னிஸ் சங்கமான இன்றைய டபிள்யூடிஏ அதிலிருந்து பிறந்ததுதான். 1972 யுஎஸ் ஓப்பனில் ஆண்கள் பட்டம் வென்ற நஸ்டாசேவுக்கு 25,000, பெண்கள் பட்டம் வென்ற கிங்குக்கு 10,000. "அடுத்த வருஷம் இப்படியே இருந்தால் வரமாட்டோம்" என்றார் கிங். 1973இல் சமமாகிவிட்டது. பள்ளத்தை நிரப்பிய பணம் ஒரு டியோடரன்ட் பிராண்டிடமிருந்து வந்தது! போட்டி நடத்துபவர்கள் 'பணம் இல்லை' என்கிறபோதெல்லாம் எனக்கு அந்த டியோடரன்ட்தான் ஞாபகத்துக்கு வரும். கேட்டால் யாராவது தருகிறார்கள். கேட்கத்தான் ஆள் வேண்டியிருக்கிறது.

விம்பிள்டன் 2007 வரை இழுத்தடித்தது. 2006இல் ஃபெடரருக்கு 6,55,000 பவுண்டு, மொரெஸ்மோவுக்கு 6,25,000. வித்தியாசம் வெறும் 30,000. அவ்வளவு பெரிய போட்டிக்கு அது சில்லறைக் காசு. அந்தச் சில்லறையை விட மனசில்லாமல்தான் இத்தனை வருஷம் பிடிவாதம். வீனஸ் வில்லியம்ஸ் பத்திரிகையில் எழுதி, கூட்டங்களில் பேசி, கடைசியில் 2007இல் சமமாக்கினார்கள். அந்த ஆண்டு பட்டம் வென்று 7,00,000 பவுண்டு வாங்கியவரும் அவரேதான்.

#4 வலதுகை_சுழல்

> டைபிரேக்கர்: 1973இல் சமமாகிவிட்டது

அதெல்லாம் சரி ப்ரோ, ஆனால் கிராண்ட்ஸ்லாமில் ஆண்கள் ஐந்து செட் ஆடுகிறார்கள், பெண்கள் மூன்று. குறைந்த வேலைக்கு ஒரே கூலி என்பது எந்த ஊர் நியாயம்?

#5 பெஞ்ச்_பிளேயர்

நேரக் கணக்கு என்றால் மாரத்தானில் பெண்களுக்குத்தான் அதிகம் தர வேண்டும். உலகச் சாதனை நேரத்தை வைத்துப் பார்த்தாலே பத்து நிமிடம் போல கூடுதலாக ஓடுகிறார்கள். போல்ட்டுக்குப் பத்து விநாடிக் கூலி போதும்.

#6 டைபிரேக்கர்

பெஞ்ச் அண்ணா முந்திக்கொண்டார் :)

சுழல், ஐந்து செட் கிராண்ட்ஸ்லாமில் மட்டும்தான். ரோம், சின்சினாட்டி, கனடா எல்லாவற்றிலும் ஆண்களும் மூன்று செட்தான் ஆடுகிறார்கள். அதே வாரம், அதே மைதானம், அதே மூன்று செட். ஆனால் 2023 ரோமில் பெண்களின் மொத்தப் பரிசு ஆண்களுடையதில் பாதிகூட இல்லை. ஐந்து செட் ஆடும் இடத்தில் பரிசு சமம், மூன்று செட் ஆடும் இடத்தில் சமமில்லை. ஆக, செட் எண்ணிக்கை காரணமே அல்ல, சாக்கு. இந்த இணைந்த போட்டிகளில் 2027க்குள்ளும், தனியாக நடக்கும் பெரிய போட்டிகளில் 2033க்குள்ளும் சமமாக்குவோம் என்று டபிள்யூடிஏ 2023இல் திட்டம் அறிவித்திருக்கிறது.

#7 ஆஃப்சைடு

இரண்டாவது பைக்கு வருவோம், நாட்டுக்காக ஆடுவது. இதில் அமெரிக்கப் பெண்கள் கால்பந்து அணியின் வழக்கைத் தாண்டி எதுவும் பேச முடியாது.

2016இல் ஐந்து வீராங்கனைகள் முதல் புகார் கொடுத்தார்கள். 2019 மார்ச் 8, பெண்கள் தினத்தன்று மொத்த அணியும் சொந்தச் சம்மேளனத்தின் மீது வழக்குப் போட்டது. அதே கோடையில் பிரான்சுக்குப் போய் உலகக் கோப்பையையும் ஜெயித்தார்கள். இறுதிப் போட்டி முடிந்ததும் அரங்கமே "ஈக்குவல் பே" என்று கத்தியது. 2022 பிப்ரவரியில் 2.4 கோடி டாலருக்குச் சமரசம். அதே ஆண்டு மே மாதம் ஆண்கள், பெண்கள் இரு அணிகளுக்கும் ஒரே மாதிரியான ஒப்பந்தம் வந்தது. இரு அணிகளும் உலகக் கோப்பைகளில் வெல்லும் பரிசு ஒரே உண்டியலில் விழும், இருவருக்கும் சம பங்கு.

இது ஏன் தேவைப்பட்டது என்று பாருங்கள். ஆண்கள் அணி 2022 கத்தாரில் கடைசிப் பதினாறில் தோற்றது. அதற்கு ஃபிஃபா தந்தது 1.3 கோடி டாலர். பெண்கள் அணி 2015, 2019 என்று இரண்டு முறை கோப்பையையே தூக்கியதற்கு வந்தது மொத்தம் 60 லட்சம். முதல் நாக்-அவுட்டிலேயே வெளியேறினால் 1.3 கோடி, இரண்டு முறை உலக சாம்பியன் ஆனால் 60 லட்சம்.

#8 கணக்குப்பிள்ளை

ஆஃப்சைடு, வழக்கின் பாதியைத்தான் சொன்னீர்கள். 2020 மே மாதம் நீதிபதி அந்தச் சம்பளக் கோரிக்கையைத் தள்ளுபடி செய்தார், அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? வழக்குக்குரிய காலத்தில் பெண்களுக்கு ஒரு ஆட்டத்துக்குச் சராசரி 2,20,747 டாலர், ஆண்களுக்கு 2,12,639. மொத்தத் தொகையும் பெண்களுக்குத்தான் அதிகம். ஆண்களுக்கு ஆடினால்தான் காசு. பெண்கள் மாதச் சம்பளம், காப்பீடு, பிரசவ விடுப்பு எல்லாம் வேண்டும் என்று வேறு வடிவ ஒப்பந்தத்தைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். பாதுகாப்பான ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, பிறகு ஆண்களின் போனஸையும் கேட்டால் எப்படி? இது நான் சொல்வதல்ல, தீர்ப்பின் சாரம்.

#9 ஆஃப்சைடு

சார், அந்த எண்கள் உண்மைதான். எப்படி வந்தன என்று பாருங்கள். அந்தக் காலத்தில் பெண்கள் ஆடிய ஆட்டங்கள் அதிகம், வென்றவை அதைவிட அதிகம், நடுவில் உலகக் கோப்பைகள். ஆண்கள் அணி 2018 உலகக் கோப்பைக்குத் தகுதிகூடப் பெறவில்லை, டிரினிடாட்டிடம் தோற்று வெளியேறியது. ஆக, தோற்று வீட்டில் உட்கார்ந்திருக்கும் அணியின் சம்பளத்தை எட்டிப்பிடிக்கவே பெண்கள் உலக சாம்பியனாக வேண்டியிருந்தது! இருவரும் ஒரே மாதிரி ஜெயித்திருந்தால் யாருக்கு எவ்வளவு என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்வியோடுதான் மேல்முறையீட்டுக்குப் போனார்கள், அதற்குள் சமரசம் வந்துவிட்டது.

பணத்தைவிட எனக்கு உறைத்தது வேறு ஒன்று. 2020 மார்ச்சில் சம்மேளனத்தின் வழக்கறிஞர்கள் கொடுத்த மனுவில், ஆண்கள் அணி ஆட்டக்காரரின் வேலைக்கு வேகமும் பலமும் கூடுதலாக வேண்டும், பொறுப்பும் கூடுதல் என்கிற மாதிரி எழுதியிருந்தார்கள். அடுத்த ஆட்டத்துக்கு முன் பெண்கள் பயிற்சிச் சட்டையை உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பிப் போட்டுக்கொண்டு மைதானத்துக்கு வந்தார்கள். சம்மேளனத்தின் சின்னம் மறைந்துபோய், சின்னத்துக்கு மேலே இருக்கும் நாலு நட்சத்திரம் மட்டும் துணி வழியாகத் தெரிந்தது. நாலும் அவர்கள் வென்ற உலகக் கோப்பைகள். மறுநாளே சம்மேளனத் தலைவர் ராஜினாமா.

#10 கல்பாதை

சைக்கிள் பந்தயத்தை யாரும் தொடவில்லையே.

2021 அக்டோபர், பாரிஸ்–ரூபே. நூற்றாண்டுக்கு மேல் ஆண்கள் மட்டும் ஓட்டிய பந்தயம், பெண்களுக்கு அதுதான் முதல் முறை. மழை, சேறு. கருங்கல் பதித்த பழைய பாதையில் சக்கரம் வழுக்காமல் நேராகப் போவதே பெரிய வித்தை. லிஸி டைக்னன் முடிவுக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும்போதே பிரிந்து தனியாகப் போனார். கையுறை போடவில்லை. கடைசியில் சைக்கிள் அரங்கான வெலோட்ரோமுக்குள் நுழைந்து கோட்டைத் தாண்டியபோது ஹேண்டில்பாரில் சுற்றியிருந்த நாடா முழுக்க ரத்தம். உள்ளங்கை கிழிந்திருந்தது.

முதல் பரிசு 1,535 யூரோ. மறுநாள் அதே பந்தயத்தில் ஆண்கள் பிரிவில் வென்ற கொல்ப்ரெல்லிக்கு 30,000. இருபது மடங்கு. இடைவெளியை டைக்னனின் அணியே கைக்காசு போட்டு நிரப்பியது.

பெண்களின் தூரம் குறைவு என்பார்கள், ஆமாம், பாதிக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் அந்தத் தூரத்தை வைத்தது வீராங்கனைகள் இல்லை. எவ்வளவு ஓட்டலாம் என்று விதி போடுவதும் நடத்துபவர்கள், தூரம் குறைவு என்று காசைக் குறைப்பதும் நடத்துபவர்கள்.

#11 வலதுகை_சுழல்

கல்பாதை, படங்களை இப்போதுதான் தேடிப் பார்த்தேன். சரி, செட் கணக்கை நான் இனி எடுக்கவில்லை. ஆனால் இன்னொரு சந்தேகம். பெண்களே பெண்கள் ஆட்டத்தைப் பார்ப்பதில்லையே? பார்த்தால் காசு தானாக வருமே?

#12 ஒளிபரப்பு_மேசை

இவ்வளவு நேரம் வேடிக்கை பார்த்தேன். உரிமை விற்பனை எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்தவன் என்பதால் எழுதுகிறேன், நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"வருமானம் இல்லை" என்கிறோமே, அந்த வருமானத்தை யார் எப்படி எழுதுகிறார்கள்? பல ஆண்டுகளாக ஃபிஃபா பெண்கள் உலகக் கோப்பை உரிமையைத் தனியாக விற்றதே இல்லை. ஆண்கள் கோப்பையை வாங்கும் சேனலுக்கு இதையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். தீபாவளிச் சேலைக்கு இலவசப் பை மாதிரி. பைக்குத் தனியாக ரசீது கிடையாது. பிறகு கணக்குப் புத்தகத்தைத் திறந்து "பை எவ்வளவு சம்பாதித்தது? பூஜ்ஜியம்" என்றால் என்ன சொல்வது?

2023 கோப்பைக்குத்தான் முதல்முறையாகத் தனியாக விற்கப் போனார்கள். ஐரோப்பாவின் பெரிய சேனல்கள் தர முன்வந்த விலையைப் பார்த்து ஃபிஃபா தலைவரே கொதித்தார். ஆண்கள் கோப்பைக்கு 10 கோடி முதல் 20 கோடி டாலர் தருபவர்கள் இதற்கு 10 லட்சம் முதல் 1 கோடி என்கிறார்கள், பார்வையாளர் எண்ணிக்கையோ ஆண்கள் கோப்பையில் 50-60 சதவீதம் இருக்கிறது என்று அவர் சொன்னார். பாதிப் பேர் பார்க்கிறார்கள், இருபதில் ஒரு பங்கு முதல் நூறில் ஒரு பங்கு வரைதான் விலை. ஒளிபரப்பே செய்யமாட்டோம் என்று மிரட்டிய பிறகுதான் பேரம் படிந்தது. (அவர் இவ்வளவு நாள் சும்மா கட்டிக்கொடுத்த அமைப்பின் தலைவர்தான் என்பதையும் மறக்க வேண்டாம்.)

இன்னொன்று அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து. 2021இல் ஒரு வீராங்கனை, பெண்களுக்கு ஒதுக்கிய உடற்பயிற்சி அறையைக் கைபேசியில் படம்பிடித்துப் போட்டார். பெரிய கூடத்தில் ஒரு ஓரமாக ஒரே ஒரு டம்பெல் ரேக். ஆண்களுக்கு முழு ஜிம். ஊர் சிரித்தது, விசாரணை வைத்தார்கள். அந்த அறிக்கையில்தான் பூதம் வெளியே வந்தது. பெண்கள் தொடரை இன்னும் 28 விளையாட்டுகளோடு ஒரே மூட்டையாகக் கட்டி ஆண்டுக்கு 3.4 கோடி டாலர் வாக்கில் விற்றுவந்தார்கள். பெண்கள் கூடைப்பந்து ஒன்றுக்கு மட்டுமே 2025 வாக்கில் ஆண்டுக்கு 8.1 கோடி முதல் 11.2 கோடி வரை கிடைக்கும் என்று அறிக்கை மதிப்பிட்டது.

சுழல், உங்கள் கேள்விக்குப் பதில்: 2024இல் அந்தத் தொடரின் பெண்கள் இறுதி ஆட்டத்தை 1.8 கோடிக்கு மேற்பட்டோர் பார்த்தார்கள். ஆண்கள் இறுதி ஆட்டத்தை 1.48 கோடி. பார்ப்பவர் ஆணா பெண்ணா என்று சேனல்காரர் கேட்பதில்லை, தலையை எண்ணுகிறார்.

#13 பெஞ்ச்_பிளேயர்

ஒரே ஒரு டம்பெல் ரேக் :) அதுவாவது துரு பிடிக்காமல் இருந்ததே.

#14 கணக்குப்பிள்ளை

ஒளிபரப்பு மேசை, இது கேட்க வேண்டிய வாதம். மூட்டையாக விற்றால் தனிவிலை தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது என் கட்சிக்குத்தானே வலு சேர்க்கிறது? பிரித்து விற்றால் உண்மை விலை தெரியும், அந்த விலைக்கேற்பச் சம்பளம் கொடுங்கள். 'சமம்' என்ற வார்த்தைக்கு அங்கே என்ன வேலை?

அமெரிக்கப் பெண்கள் கூடைப்பந்து லீக்கான டபிள்யூஎன்பிஏவை எடுத்துக்கொள்ளுங்கள். தொடங்கியதிலிருந்து சராசரியாக ஆண்டுக்கு 1 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று 2018இல் ஆண்கள் லீக்கான என்பிஏவின் ஆணையரே சொன்னார். நஷ்டத்தில் ஓடும் கடையில் போனஸ் கேட்கிறார்கள்.

#15 ஒளிபரப்பு_மேசை

சார், டபிள்யூஎன்பிஏ ஆட்டக்காரர்கள் லெப்ரான் ஜேம்ஸ் சம்பளம் கேட்கவே இல்லை. அவர்கள் கேட்டது விகிதம். என்பிஏவில் லீக் வருமானத்தில் ஏறக்குறையப் பாதி ஆட்டக்காரர்களுக்குப் போகிறது, ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. டபிள்யூஎன்பிஏவில் 2020 ஒப்பந்தக் காலத்தில் அது பத்தில் ஒரு பங்கை ஒட்டி என்பதுதான் பரவலான மதிப்பீடு. கெய்ட்லின் கிளார்க் 2024இல் டபிள்யூஎன்பிஏவுக்குப் புதிதாக வந்தபோது முதலாண்டுச் சம்பளம் 76,535 டாலர். முந்தைய ஆண்டு என்பிஏவின் புது ஆட்டக்காரர் தேர்வில் முதலாவதாக எடுக்கப்பட்ட வெம்பன்யாமாவுக்கு 1.2 கோடி. இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்து எல்லோரும் சண்டை போட்டார்கள். அது தவறான சண்டை. அவர் வந்ததால் அரங்கம் நிறைந்தது, எதிரணிகள் ஆட்டத்தையே பெரிய அரங்குக்கு மாற்றின. அந்தக் கூடுதல் வருமானத்தில் எவ்வளவு ஆட்டக்காரர்களுக்கு வந்தது? அதுதான் சண்டை. 2025 ஆல்-ஸ்டார் ஆட்டத்தில் எல்லோரும் 'எங்களுக்குக் கடன்பட்டதைக் கொடுங்கள்' என்று எழுதிய சட்டை போட்டு வந்தார்கள். அந்த வாசகத்தில் 'சமம்' என்ற சொல்லே இல்லை, கவனித்தீர்களா?

நஷ்டம் பற்றி: என்பிஏ தொடங்கியது 1946இல், டபிள்யூஎன்பிஏ ஆடத் தொடங்கியது 1997இல். என்பிஏவும் ஆரம்ப காலத்தில் அணிகள் மூடப்பட்டு, ஊர் மாறித் தடுமாறியதுதான். பொறுமையாக முதலீடு செய்தவர்கள் இருந்தார்கள். நீங்கள் சொன்ன டபிள்யூபிஎல் கணக்குக்கும் இதே பதில்தான். ஒரு பந்துகூட வீசாத லீக்கின் ஒளிபரப்பு 951 கோடிக்குப் போனது. அதே மாதம் ஐந்து அணிகளை வாங்க முதலாளிகள் போட்ட தொகை 4,669.99 கோடி. அவர்கள் தர்மம் செய்ய வரவில்லை. நாளைய விலையை நினைத்துத்தான் வாங்கினார்கள்.

#16 பழைய_ஸ்கோர்கார்டு

"ஆரம்ப காலம்" என்ற பேச்சு வந்துவிட்டதால் நானும் வருகிறேன்.

1920 டிசம்பர் 26, லிவர்பூலின் கூடிசன் பார்க். டிக், கெர் ஆலைப் பெண்களின் அணி ஆடிய ஆட்டத்துக்கு 53,000 பேர். உள்ளே இடமில்லாமல் ஆயிரக்கணக்கானோர் வெளியே. முதல் உலகப் போர்க் காலத்தில் வெடிமருந்து செய்த தொழிலாளிப் பெண்கள் அவர்கள், ஆட்டத்தில் வரும் பணம் அறக்காரியத்துக்குப் போனது. ஒரு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை, 1921 டிசம்பர் 5 அன்று ஆங்கிலக் கால்பந்து சங்கம் தன் கிளப் மைதானங்களில் பெண்கள் ஆடத் தடை போட்டது. பெண்களுக்குக் கால்பந்து ஒத்துவராது, வசூலில் செலவுக்கு அதிகம் போகிறது என்பவை காரணங்கள். தடை நீங்க ஐம்பது வருஷம் ஆனது. மேற்கு ஜெர்மனியில் 1955 முதல் 1970 வரை தடை. கால்பந்தைத் தெய்வமாகக் கும்பிடும் பிரேசிலில் 1941 முதல் 1979 வரை சட்டப்படியே தடை.

அந்த ஐம்பது வருஷத்தில் ஆண்கள் கால்பந்துக்கு டிவி வந்தது, ஐரோப்பியக் கோப்பை வந்தது, தலைமுறை தலைமுறையாக அப்பாவோடு மைதானத்துக்குப் போகும் பழக்கம் வந்தது. கணக்குப்பிள்ளை சொல்லும் 'சந்தை' அப்போதுதான் உருவானது. சந்தைக்குள் விடாமல் வாசலைப் பூட்டிவிட்டு, உனக்கு வியாபாரம் இல்லையே என்றால்?

அதே பெண்கள் கால்பந்துக்கு 2022 ஏப்ரலில் பார்சிலோனாவின் கேம்ப் நோவில் 91,648 பேர் வந்தார்கள்.

#17 பிசியோ_அறை

ஒரு பெண்கள் கிளப் அணியில் சில காலம் பிசியோவாக இருந்தேன். பெயர் வேண்டாம். மேலே எல்லோரும் உச்சியில் இருப்பவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். நடுவில் இருப்பவர்களைப் பற்றி நான் சொல்கிறேன்.

எங்கள் அணிக்குப் பயிற்சி நேரம் ஆண்கள் முடித்த பிறகுதான். புல் கிழிந்து குண்டும் குழியுமாக இருக்கும். ஆண்கள் அணிக்கு மருத்துவர், மசாஜ் ஆள், உணவு ஆலோசகர் என்று தனித்தனியாக இருந்தார்கள். இங்கே எல்லாம் நான் ஒருத்திதான். பாதிப் பேர் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு வருவார்கள். எட்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை செய்துவிட்டு வந்தவளுக்குத் தசைப்பிடிப்பு வராமல் என்ன செய்யும்? ஐஸ் வைத்துக் கட்டிவிடுவேன், மறுநாளும் அதே வேலைக்குப் போவாள். காயம் ஆறாது. பிறகு "பெண்கள் ஆட்டத்தில் வேகம் இல்லை" என்று ஒருவர் வந்து எழுதுவார். சம்பளம் குறைந்தால் ஆட்டத்தின் தரமும் குறையும் என்பதை நான் கட்டுப் போட்டே பார்த்தவள்.

அப்புறம் பிரசவம். இதை ஏன் யாரும் எழுதவில்லை? அப்போதே ஆறு ஒலிம்பிக் தங்கம் வாங்கியிருந்த ஓட்டப்பந்தய வீராங்கனை அலிசன் ஃபெலிக்ஸுக்குக் குழந்தை பெற முடிவு செய்த காலத்தில் நைக்கி சொன்ன புதிய தொகை, முன்பைவிட 70 சதவீதம் குறைவு. 2019இல் அவர் வெளிப்படையாக எழுதிய பிறகுதான் நைக்கி தன் கர்ப்பகாலக் கொள்கையை மாற்றியது. ஐஸ்லாந்து கால்பந்து அணியின் அப்போதைய கேப்டன் சாரா பியோர்க் குன்னர்ஸ்டோட்டிர் கர்ப்பமாக இருந்தபோது லியோன் கிளப் முழுச் சம்பளம் தரவில்லை. ஃபிஃபா தீர்ப்பாயம் வரை போய் 82,000 யூரோவுக்கு மேல் வாங்கினார். ஃபிஃபா 2021இல்தான் 14 வாரக் கட்டாய விடுப்பு, குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு ஊதியம் என்று விதியே கொண்டுவந்திருந்தது. அவருக்கு முன்னால் எத்தனை பேர் பேசாமல் ஆட்டத்தை விட்டுப் போயிருப்பார்கள்?

#18 வலதுகை_சுழல்

மேடம், நடுவில் இருக்கும் ஆண்களும் கஷ்டப்படுகிறார்களே? டென்னிஸில் 250ஆவது இடத்தில் இருப்பவர் விமான டிக்கெட்டுக்கே திண்டாடுகிறார்.

#19 பிசியோ_அறை

ஆமாம், படுகிறார்கள். அவர்களுக்கும் கேளுங்கள், நானும் கூட வருகிறேன். ஆனால் அவர் திண்டாடுவது 250ஆவது இடத்தில். டயானா டௌராசி உலகிலேயே முதல் வரிசைக் கூடைப்பந்து ஆட்டக்காரியாக இருந்தவர். 2015இல் அவரது ரஷ்ய கிளப் டபிள்யூஎன்பிஏ பருவம் முழுக்க ஓய்வெடுக்கச் சொல்லி, அங்கே கிடைக்கும் சம்பளத்தைவிடக் கூடுதலாகவே கொடுத்தது. ரஷ்யாவில் அவருக்குப் பருவத்துக்குச் சுமார் 15 லட்சம் டாலர், சொந்த நாட்டு லீக்கில் 1.07 லட்சம் வாக்கில். உச்சியில் இருப்பவரே வருஷம் முழுக்க இரண்டு கண்டத்தில் ஓய்வில்லாமல் ஆட வேண்டியிருந்தது. இன்னொரு டபிள்யூஎன்பிஏ ஆட்டக்காரி பிரிட்னி கிரைனர் 2022இல் மாஸ்கோ விமான நிலையத்தில் கைதானபோதும் அந்தக் கிளப்புக்கு ஆடத்தான் போய்க்கொண்டிருந்தார்.

#20 மூன்றாம்செட்

இழை எதிர்பார்த்ததைவிட நன்றாகப் போகிறது. கிரிக்கெட்டில் தொடங்கினேன், அதற்கே வருகிறேன்.

2022 அக்டோபரில் பிசிசிஐ ஆண், பெண் இருவருக்கும் ஒரே போட்டிக் கட்டணம் என்று அறிவித்தது. டெஸ்டுக்கு 15 லட்சம், ஒருநாளுக்கு 6 லட்சம், டி20க்கு 3 லட்சம். அதற்குச் சில மாதம் முன்பு நியூசிலாந்தும் இதைச் செய்திருந்தது. நல்ல முடிவு, சந்தேகமே இல்லை. ஆனால் பெண்களுக்கு ஆண்டுக்கு எத்தனை டெஸ்ட்? ஒன்று, இரண்டு. சில ஆண்டுகளில் அதுவும் இல்லை. ஆடாத டெஸ்டுக்குச் சமக் கட்டணம் வாங்கி என்ன செய்வது?

ஆண்டு ஒப்பந்தம் இன்னும் சுவாரசியம். 2024-25 பட்டியலில் ஆண்களுக்கு மேல்மட்டம் 7 கோடி, கடைசி மட்டமான சி பிரிவு 1 கோடி. பெண்களுக்கு மேல்மட்டமே 50 லட்சம். அதாவது அணியின் கேப்டன் ஹர்மன்பிரீத்துக்கு அந்த ஒப்பந்தத்தில் கிடைத்தது, ஆண்கள் பட்டியலில் கடைசியில் இருந்த பையனுக்குக் கிடைத்ததில் பாதி. 'சமம்' என்று தலைப்பு வந்தது போட்டிக் கட்டணத்துக்கு மட்டும்.

நார்வே கால்பந்தில் 2017இல் வேறு மாதிரி செய்தார்கள். ஆண்கள் அணி தன் விளம்பர வருமானத்திலிருந்து ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தது, அதைச் சேர்த்துப் பெண்களின் தொகை ஆண்களுடையதற்குச் சமமாக்கப்பட்டது. ஆனால் அவர்களது ஆகச் சிறந்த ஆட்டக்காரி அடா ஹெகர்பெர்க் அதே ஆண்டு தேசிய அணியை விட்டு விலகி, 2022 வரை திரும்பவில்லை. பணம் அல்ல, பெண்கள் ஆட்டத்தை நடத்தும் விதம்தான் காரணம் என்றார். சம்பளம் சமமானாலும் பிசியோ மேடம் சொன்ன கிழிந்த புல் அப்படியே இருக்கலாம்.

#21 கணக்குப்பிள்ளை

ஒப்பந்த விஷயத்தில் எனக்கும் உடன்பாடு இல்லை, 7 கோடிக்கும் 50 லட்சத்துக்கும் எந்தச் சந்தையும் விலை வைக்கவில்லை, அது வாரியம் உட்கார்ந்து எழுதிய எண். நாட்டு அணியை வியாபாரமாகப் பார்ப்பதும் சரியில்லை.

ஆனால் லீக் விஷயத்தில் நேரடியாகக் கேட்கிறேன், சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். உரிமையைத் தனியாக விற்கிறார்கள், வருமானத்தில் ஆண்களுக்கு எவ்வளவு சதவீதமோ அதே சதவீதம் பெண்களுக்கும் தருகிறார்கள். அப்படிச் செய்தும் பெண்ணுக்குக் கிடைப்பது ஆணின் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்குதான் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் இது அநியாயம் என்பீர்களா?

#22 ஒளிபரப்பு_மேசை

என்னைக் கேட்டால், இல்லை. புத்தகத்தைத் திறந்து காட்டினால், ஆட்டத்தை நள்ளிரவிலோ ஆண்கள் இறுதிப் போட்டி நடக்கும் நேரத்திலோ போடாமல் பார்க்கிற நேரத்தில் போட்டால், பத்தில் ஒன்றையும் வாங்கிக்கொள்ளலாம். பார்வையாளர் கூடினால் தானாக ஏறும்.

#23 பிசியோ_அறை

எனக்கு அது மட்டும் போதாது. சதவீதம் மேலே இருப்பவர்களுக்குச் சரி. கீழே இருப்பவளுக்கு, வேறு வேலைக்குப் போகாமல் ஆட்டத்தை மட்டும் பார்க்கும் அளவுக்கு ஒரு குறைந்தபட்சச் சம்பளம் வேண்டும், வருமானம் வந்தாலும் வராவிட்டாலும். பயிற்சி நேரமும் மாற்றி மாற்றி வர வேண்டும், ஒரு வாரம் நாங்கள் முதலில், ஒரு வாரம் அவர்கள்.

#24 கணக்குப்பிள்ளை

குறைந்தபட்சச் சம்பளத்துக்கான பணம் எங்கிருந்து வரும் என்பதையும் சொல்லிவிட்டால் கையெழுத்துப் போடுகிறேன்.

#25 டைபிரேக்கர்

டியோடரன்ட் கம்பெனியைக் கேட்டுப் பாருங்கள் சார்.